மூன்று ஆணியின் மேல் ஒரு முட்டை

என் முப்பிக் கண்ணு,

நலமா என்று எழுதித்தான் கடிதம் ஆரம்பித்துப் பழக்கம். எழுதிவிட்டேன். பிறகு அடித்துவிட்டேன். போனவளிடம் நலம் விசாரிக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடவில்லை. ஆனால் மூன்றேகாலுக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டதும் மாடிப்படியைத் திரும்பிப் பார்க்கிறேனே, அதற்கு என்ன சொல்வாய்?

உனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கே சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இதை நாலு பேர் படிக்க வேண்டும். நாலு பேர் எதிரில் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்தினால் எப்படிச் சரியாகும்?

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். முப்பிடாதி தென்காசிப் பக்கத்துப் பெண். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் வண்டிகளுக்கு வயரிங் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தாள். வல்லம் வடகாலில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒன்றரை வருஷம் குடியிருந்தாள். நான் அமுலு, அந்த வீட்டு மருமகள். அவளைவிடப் பத்து வயது மூத்தவள். அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறேன். முப்பி முட்டை ஓட்டின் மேல் படம் எழுதுவாள். செய்வினை வைத்தாள் என்று சொல்லி அவளை எங்கள் வீட்டிலிருந்து அனுப்பினோம். ஒரு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

நீ வந்த முதல் நாள் என் மாமியார் உன் பெயரை மூன்று தரம் கேட்டார். "இன்னா பேரும்மா இது, வாயில நிக்க மாட்டேங்குது" என்றார். "எங்க ஊரு அம்மன் பேரு ஆச்சி. எங்க தெருவுலயே நாலு முப்பிடாதி இருக்கோம்" என்று நீ சிரித்தாய். நான்தான் அதை முப்பி என்று வெட்டினேன். கம்பெனியிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றாய். ஊரில் போய்ச் சொல்லிவிடாதீர்கள், அம்மனுக்குக் கோபம் வரும் என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தவள் உன் அறையை எட்டிப் பார்த்தேன். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாய். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் ஏதோ வெளிநாட்டுக்காரி பேசிக்கொண்டிருந்தாள். உன் கையில் ஒரு முட்டை.

"இன்னா பாஷைடி இது?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாதுக்கா. அவ கையத்தான் பாக்கேன்."

பென்சில் நுனியில் செம்புக் கம்பி சுற்றி, வயர் நுனியில் மாட்டுகிற பித்தளை டெர்மினல் ஒன்றைச் சின்னப் புனல் மாதிரி வளைத்துக் கட்டியிருந்தாய். லைனில் ஸ்கிராப் பெட்டியில் கிடந்தது, லீடரைக் கேட்டுத்தான் எடுத்தேன் என்று கேட்காமலேயே சொன்னாய். அந்தப் புனலில் தேன்மெழுகைத் துளி போட்டுச் சுடரில் காட்டுவாய். உருகியதும் முட்டை மேல் கோடு இழுப்பாய். எழுதுகிற கை அசையக் கூடாது, முட்டைதான் திரும்ப வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சு நின்றுவிடும்.

வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை முதலில் மெழுகால் மூடுவாய். மஞ்சள் சாயத்தில் முக்குவாய். மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடிவிட்டுச் சிவப்பில் முக்குவாய். சிவப்பையும் மூடிவிட்டுக் கடைசியில் கறுப்பு. அந்தக் கட்டத்தில் முட்டையைப் பார்க்கச் சகிக்காது. கரி பிடித்த மெழுகு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, சாக்கடையில் விழுந்து எடுத்ததுபோல் இருக்கும். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன்.

அப்புறம் அதைச் சுடரின் பக்கவாட்டில் காட்டி, மெழுகு பளபளத்ததும் துணியால் துடைத்தாய். ஒரே துடைப்பு. உள்ளே இருந்து மஞ்சளும் சிவப்பும் வெள்ளையும் வந்தன. மெல்லிய வயர்கள் கற்றை கற்றையாக ஓடி, கிளை பிரிந்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க உன்னைக் கிண்டல் செய்தேன்.

"அங்கியும் வயரு, இங்கியும் வயரா? முட்டைக்கும் ஓ.டி. போட்றியா?"

"அங்க டிராயிங்ல உள்ளபடிதான் கட்டணும்கா. இதுல வயரு எங்க போகணும்னு நெனைக்கோ அங்க போகலாம்."

அன்றிலிருந்து உனக்கு முட்டை சப்ளை என் வேலையாயிற்று. எங்கள் கேன்டீனுக்கு நாமக்கல் முட்டை ஏற்றி வருகிற வண்டிக்காரரிடம் தனியாக ஓர் அட்டை வாங்குவேன். அவர் பொறுமையிழக்கும்வரை பொறுக்குவேன். ஓடு வழவழப்பாக இருக்க வேண்டும், சொரசொரப்பு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சாயத்தில் ஊறும்போது வெடித்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன்.

மெழுகுக் கோடு தப்பிய முட்டைகளைக் கழுவி என்னிடம் கொடுத்துவிடுவாய். எங்கள் வீட்டு ஆம்லெட் அதில்தான். என் மாமியார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மூட்டு வலியால் அவர் மாடி ஏற மாட்டார். நீ செய்வதை நானும் அவரிடம் சொன்னதில்லை. மாடியில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறேன் என்று பேச்சு வரும். அதற்குப் பயந்து மறைத்தேன். இதுவும் என் தப்புதான், ஆனால் சின்னத் தப்பு.

ஏழு வருஷம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனதை முதலில் உன்னிடம்தான் சொன்னேன். மூன்றாம் மாதம், கார்த்திகை மழையில், அது போய்விட்டது. கேன்டீனில் சாம்பார் அண்டாவை இறக்கிய மறுநாள் போயிற்று. டாக்டரம்மா அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். வீட்டில் அப்படி யாரும் சொல்லவில்லை.

"வேலைக்குப் போவாதன்னு தலபாடா அடிச்சிக்கினேன். அண்டாவத் தூக்கித் தூக்கி, தங்குன புள்ளைய எறக்கிட்டா" என்று மாமியார் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். பதினைந்து நாள் இப்படி.

நீ ஷிஃப்ட் முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாய். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது தெரியவில்லை. எழுந்து போகும்போது, "உங்களுக்குன்னு ஒண்ணு எழுதுதேன். என்னதுன்னு கேக்கப்பிடாது" என்றாய்.

கேட்கவில்லை. மாடியிலிருந்து மெழுகு வாசனை வரும்போதெல்லாம் எனக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் எனக்கென்று இருந்த ஒரே நல்ல நினைப்பு அதுதான்.

மழைக் காற்றில் கறுப்புச் சாயம் காயவில்லை என்று நீ மாடியில் அலைந்தாய். "கீழ படிக்கட்டுக்கு அடியில வையேன், அங்க காத்தே வராது" என்று சொன்னவள் நான். மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குக் கீழே இருந்த பொந்தில் உன் ஆணிப் பலகையை வைத்தாய். சின்னப் பலகையில் மூன்று ஆணி அடித்து, அதன் நுனிகளில் முட்டையை உட்கார வைப்பாயே, சாயம் எதிலும் ஒட்டாமல் காய்வதற்கு. வைத்துவிட்டு முதல் ஷிஃப்டுக்குப் போனாய்.

பத்து மணிக்கு மோட்டார் போடப் போன மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் இடத்தில் நின்று நான் பலமுறை பார்த்துவிட்டேன். வீட்டுக்குள் இருட்டில் ஒரு கறுப்பு முட்டை. அதன் அடியில் மூன்று ஆணி. கறுப்புத் தண்ணீர் சொட்டியிருந்தது. முச்சந்தியில் குங்குமம் தடவிய முட்டை கிடந்தாலே சுற்றிக்கொண்டு போகிற ஊர் எங்களுடையது. பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு பிள்ளை போன வீடு. அவர் பயந்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அக்கம்பக்கம் கூடியது. மந்திரிக்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்துவிட்டு, "வெளியாளு இல்ல, வூட்டுக்குள்ளாறயே கீது" என்றார். நான் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றேகாலுக்கு பஸ் வந்தது. கழுத்தில் கார்டும் தோளில் டிபன் பையுமாக நீ உள்ளே வந்தாய்.

"இது யாருது?" என்றார் மாமியார்.

"என்னுதுதான் ஆச்சி. சாயம் காயிது. தொட்ராதீங்க, கையில ஒட்டிரும்."

"ஆணி மேல வெச்சி இன்னாத்துக்கு சாயம்? வூட்ல ஒரு புள்ள தங்காம போயிக்கீது, நீ ஆணி அட்ச்சி முட்டை வெச்சிக்கினு கீற?"

"அய்ய, அது அக்காவுக்குன்னு செஞ்சது ஆச்சி."

மாமியார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினீங்களா? அவளுக்குன்னே செஞ்சதாம். அவ வாயாலயே சொல்றா."

அப்போதும் உனக்கு விளங்கவில்லை. இவ்வளவு பேர் முட்டையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாயோ என்னவோ. மெதுவாக உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு நீ என்னைத் தேடினாய்.

"அமுலு அக்காட்ட கேளுங்க. அக்காவுக்கு எல்லாம் தெரியும். மெழுகுவர்த்தில காட்டித் தொடச்சா படம் வந்துரும். அக்கா, சொல்லுங்கக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்த்தார். பதினைந்து நாளில் முதல் தடவையாக அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எனக்கு இன்னா தெரியும்? மாடில இதுங்க இன்னா பண்ணுதுங்கன்னு நானா பாத்துக்கினு கீறேன்?" என்றேன்.

கழுத்திலிருந்த கார்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாய். மந்திரிக்கிறவர் முட்டையைச் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்துப்போய் முச்சந்தியில் ஓங்கி அடித்தார். வழிந்தது வெறும் மஞ்சள் கருவாகத்தான் இருந்திருக்கும். அதைக்கூட யாரும் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் மழை பெய்து எல்லாம் போயிற்று. அதில் எனக்கு என்ன எழுதியிருந்தாய், முப்பி?

இருட்டுவதற்குள் நீ கிளம்பிவிட்டாய். ஒரு கையில் துணிப் பை. இன்னொரு கையில் எழுதி முடித்து, துளை போட்டு உள்ளே இருந்ததை ஊதி எடுத்த முட்டைகளைப் பேப்பர் சுற்றி அடுக்கிய அட்டைப்பெட்டி. நான் சமையற்கட்டில் இருந்தேன். வாசலில் நின்று "வாரேன்க்கா" என்றாய். நான் மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் ஒன்றும் இல்லை.

ஒரகடம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்ந்ததாகப் உன் கம்பெனிப் பெண் ஒருத்தி சொன்னாள். மார்கழியில் காய்ச்சல் என்றாள். அறையில் உன்னோடு இருந்தவர்களுக்கு வேறு வேறு ஷிஃப்டாம், ஆளுக்கு ஆள் நீ தூங்குகிறாய் என்று நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது காலம் கடந்துவிட்டது. எங்கள் மாடியில் இருந்திருந்தால் முதல் நாளே மூன்றேகாலுக்குச் செருப்புச் சத்தம் கேட்கவில்லையே என்று நான் ஏறி வந்திருப்பேன். மிளகு ரசம் வைத்திருப்பேன். இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருப்பேன். இதையெல்லாம் இப்போது தினமும் செய்துகொண்டிருக்கிறேன், மனசுக்குள்.

உன்னை ஊருக்குக் கொண்டுபோன வண்டியில் அந்த அட்டைப்பெட்டியும் போனதாம்.

உன் அறையில் அதற்கப்புறம் யாரும் தங்கவில்லை. பெண்கள் வந்து பார்ப்பார்கள், காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்பார்கள். தெருவில் யாராவது எதையாவது சொல்வார்கள். மறுநாள் போனை எடுக்க மாட்டார்கள். நீ படியில் நடக்கிறாய் என்கிறார்கள். கையில் முட்டையோடு நிற்கிறாய் என்று எதிர்வீட்டு அம்மா சொல்கிறார். இருக்கும்போது சூனியக்காரி ஆக்கினோம், போனபின் பேய் ஆக்கினோம். ஒரு பெண்ணை இதற்கு மேல் என்ன செய்வது?

உன் அறையின் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. சாயக் கையோடு லைட்டைப் போட்டிருப்பாய். மாமியார் ஆள் வைத்து இரண்டு முறை வெள்ளையடித்தார். சுண்ணாம்பு காய்ந்ததும் மஞ்சள் மேலே வந்துவிடுகிறது. அவர் கற்பூரம் கொளுத்தச் சொல்கிறார். நான் மாடிக்குப் போய் என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். உன் விரல் சின்னது.

கேன்டீனிலும் நீ என்னை விடுவதில்லை. புதன்கிழமை முட்டைக் குழம்பு. அட்டை அட்டையாக வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் என்னால் அண்டாவில் போட முடியவில்லை. "இன்னாம்மா அமுலு, முட்டைக்கு எக்ஸ்ரே எடுத்துக்கினு கீற, லன்ச் பெல் அடிக்கப் போவுது" என்று சூப்பர்வைசர் கத்துவார். அடுத்த அட்டையில் ஒன்று கறுப்பாக இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இதுவரை இருந்ததில்லை. ஆனாலும் அட்டையைத் திறக்கும்போது முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

எல்லோருக்கும் வருகிறவள் எனக்கு மட்டும் வரவில்லையே. வந்தால் பயப்பட மாட்டேன். உட்கார வைத்து வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, வாசலில் உன் குரல் கேட்டது. "அமுலு அக்கா வீடு இதுதானா?"

கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் உன் தங்கச்சி பொன்னி. நீ போனில் காட்டுவாயே, பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒல்லியாக நிற்கும் பெண். அவளும் இங்கே வேலைக்கு வந்துவிட்டாள், உன் மாதிரியே கழுத்தில் கார்டு. குரல் அப்படியே உன்னுடையது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் கதை அவளுக்கு முன்னாலேயே அவள் தங்கியிருக்கிற ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் யாரோ சொல்லிவிட்டாள். அறையில் இருந்தவர்கள் பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். அவள் குளிக்கப் போனால் பையில் முட்டை இருக்கிறதா என்று தேடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று வார்டன் சொல்லிவிட்டார். இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரிலும் அதே பேச்சு.

"ஒரே ஒரு விசயம் கேக்கணும்க்கா. நீங்க கூட இருந்தவங்க. எங்கக்கா அப்படி எதும் செஞ்சாளா?"

மாமியார் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "அமுலு, நீ உள்ள போ. அடுப்புல இன்னா கீதுன்னு பாரு" என்றார்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. உள்ளே போவதற்கு நாலடிதான். அந்த நாலடியை நடந்து பழகியவள்தானே நான். சத்தியமாகச் சொல்கிறேன் முப்பி, ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன். அப்புறம் பொன்னி பக்கம் திரும்பினேன்.

"உங்கக்கா படம் எழுதுச்சி. அவ்ளோதாம்மா. சாயம் காயறதுக்கு ஆணி மேல வெப்பாங்க. அந்த எடத்துல வைன்னு சொன்னதே நான்தான். முட்டை எல்லாம் நான் வாங்கியாந்து குடுத்தது. அன்னிக்கு எனக்கு எல்லாம் தெரியும்."

மொச்சை உரிக்கிற சத்தம் நின்றது. "அன்னிக்கு நீ அப்பிடிச் சொல்லலியேடி" என்றார் மாமியார்.

"பொய் சொன்னேன் அத்தை. நீங்க ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் தின்ன ஆம்லெட்டும் அவ குடுத்த முட்டைதான்."

அவர் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் பின்பக்கம் உட்கார்ந்து அவர் அழுததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவரும் உன்னிடம் ஒரு நாள் தைலம் தேய்த்துவிடச் சொன்னவர்தானே.

பொன்னி இன்னும் வாசற்படியில்தான் நின்றாள். "அப்பம் ஏன்க்கா அன்னைக்குச் சொல்லல?"

இந்தக் கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. பயம், மாமியார், கூட்டம் என்று ஏதேதோ சொல்லி மூடி வைத்திருந்தேன். அந்தப் பெண்ணிடம் அதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை.

"அதுவரிக்கும் புள்ள போனதுக்கு நான்தான் காரணம்னு சொல்லிக்கினு இருந்தாங்கம்மா. அந்த முட்டைய பாத்த அப்பறம் யாரும் என்னைச் சொல்லல."

சொல்லிவிட்டேன். நான் செய்வினையை நம்பவே இல்லை, முப்பி. ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. பதினைந்து நாள் என் மேல் கிடந்த பழி உன் பக்கம் திரும்பியபோது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அன்று ராத்திரி மாமியார் எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

பொன்னி போனை எடுத்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் முன்னால் நீட்டினாள். "இத எங்கம்மாட்ட சொல்லுங்க" என்றாள்.

உன் அம்மாவிடம் முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பக்கத்தில் பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாதியில் அது நின்றுபோனது. நான் பேசி முடித்தேன்.

"அப்பம் அது சும்மா படம் போட்ட முட்டைதானாம்மா?"

"ஆமாம்மா. வெறும் படந்தான்."

"பெட்டி நெறைய இருந்துச்சே. பேப்பர் சுத்திச் சுத்தி வச்சிருந்தா. நான் ஒண்ணையும் பிரிச்சிப் பாக்கல தாயி. ஊரு சொன்னதக் கேட்டுப் பயந்துட்டேன். பொன்னிக்கும் எதும் ஆயிரும்னு அப்படியே கொண்டுபோயி கொளத்துல கொட்டுனேன். அது முங்கவே இல்ல. அத்தனையும் மெதந்துச்சி. பேப்பர் நனைஞ்சி பிரியப் பிரிய, மெதந்துக்கிட்டே என் பக்கமா வந்துச்சி. நான் திரும்பிப் பாக்காம ஓடியாந்துட்டேன்."

ஊதி எடுத்த முட்டை எப்படியம்மா மூழ்கும்? உள்ளே காற்றுதானே. நீ இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாய். எனக்கு அதைச் சொல்ல முடியவில்லை. பொன்னி போனைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு உன் அம்மா கேட்டார்: "நீ பாத்திருக்கேல்லா? எம் பிள்ள என்னென்ன படம் போட்டிருந்தா? ஒவ்வொண்ணா சொல்லும்மா."

உலகத்தில் அந்த முட்டைகளை எல்லாம் பார்த்தவள் நான் ஒருத்திதான். குருவி உட்கார்ந்த வயரைச் சொன்னேன். கம்பெனி பஸ்கள் வட்டமாகச் சுற்றி வருகிற முட்டையைச் சொன்னேன். பீடித் தட்டும் கத்தரியும், அதன் நடுவில் ஒரு கையும் எழுதியிருந்ததைச் சொன்னேன். "அது யாரு கை?" என்றார். "உங்க கைதாம்மா, ஒரு வெரல்ல நகம் இருக்காதுன்னு சொல்லிச்சி" என்றேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் வந்தது. நான் நிறுத்தினேன். "நிறுத்தாத, சொல்லு" என்றார். பொன்னியின் போனில் சார்ஜ் தீரும்வரை சொன்னேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ பரவாயில்லக்கா என்று சொல்லிவிடுவாய், உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. நாளைக்கு வேலை முடிந்ததும் பொன்னியோடு அந்த ஹாஸ்டலுக்குப் போகிறேன். வார்டன் முன்னாலும் அந்தப் பெண்கள் முன்னாலும் நான் செய்ததைச் சொல்வேன். அப்படியும் இடமில்லை என்றால் அவள் எங்கள் வீட்டில், என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது தெருவே வந்து நிற்கும். அங்கேயும் சொல்வேன். அதற்கப்புறம் இந்தத் தெருவில் என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கவில்லை. தினமும் மூன்றேகாலுக்குப் போன் செய்கிறேன். நேற்று ஒரு முட்டையில் இடது பக்கம் என்ன நிறம் என்று கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மறக்க மாட்டேன் முப்பி. மறந்துபோனால் அதைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

உனக்காகச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத,
உன் கீழ்வீட்டு அக்கா
அமுலு